குளிர்காலக் கூட்டுச் சவாரி: தார்ச்சாலையா, காட்டுப்பாதையா?

குளிர் இறங்கியதும் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் வாராவாரம் ஒரே வாக்குவாதம்தான். சனிக்கிழமை இரவு யாராவது தொடங்கி வைப்பார்கள்: "நாளைக்கு ரோடா, ட்ரெயிலா?" நாலு பேர் ரோடு என்பார்கள். மூன்று பேர் ட்ரெயில் என்பார்கள். ஒருவர் மட்டும் "எதுவானாலும் சரி, நான் வர்றேன்" என்பார். மறுநாள் காலையில் வராமல் போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

இரண்டு கட்சியிலும் இருந்தவன் நான். சில வருடங்கள் தார்ச்சாலையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அப்புறம் ஒரு பாலத்தில் ஐஸில் வழுக்கி விழுந்த கோபத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காட்டுக்குள்ளேயே கிடந்தேன். இப்போது நாளைப் பார்த்து, வருகிற ஆளைப் பார்த்து முடிவு செய்கிறேன். தனியாக ஓட்டுகிறவர்களுக்கு இங்கே எழுதுவதில் பாதி பொருந்தாது. தனி ஆளுக்குக் குளிர்ந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். எட்டுப் பேர் போகும்போது ஒருவர் விரல் மரத்துப்போனால் அது எட்டுப் பேர் பிரச்சினை. ஓடிக்கொண்டே இருக்கும்வரை எந்தப் பாதையும் நல்ல பாதைதான். கூட்டம் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வைத்துத்தான் நான் இரண்டையும் எடைபோடுகிறேன்.

முதலில் காற்று. வெப்பமானி காட்டுகிற எண் ஒன்று, முகத்தில் அறைகிற குளிர் வேறு. 2001-இலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் வானிலைத் துறைகள் பயன்படுத்தும் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 6, 7 டிகிரி மாதிரி இருக்கும். தார்ச்சாலையில் ஒரு கூட்டம் சாதாரணமாகப் போகிற வேகமும் ஏறக்குறைய அதுதான். இலை அசையாத காலையிலும் நமக்கு வேண்டிய காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். அதே காலையில் காட்டுப்பாதையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கணக்கு மைனஸ் 4 பக்கத்தில் நின்றுவிடும். வெளியே காற்று வீசினாலும் மரங்கள் பாதியைத் தடுத்துவிடும். இறக்கங்களில் வித்தியாசம் இன்னும் கூடும். மைனஸ் 5 டிகிரியில் 45 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் இறங்கினால் தோலுக்கு மைனஸ் 14-க்கும் கீழே. ஏறும்போது நனைந்த உள்ளாடையோடு அந்த இறக்கத்தில் ஐந்து நிமிடம் போனவருக்குக் கணக்கு தேவையில்லை.

"கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வாரே" என்று தார்ச்சாலைக் கட்சி சொல்லும். உண்மைதான். நல்ல வேகத்தில் நெருங்கி ஓட்டினால் பின்னால் ஒண்டி வருகிறவருக்கு உழைப்பு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மிச்சம். கோடையில் அது வரம். குளிரில் அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. உழைப்பு குறைந்தால் உடம்பில் சூடும் குறையும், ஆனால் காற்று முழுதாகப் போய்விடுவதில்லை. கால்விரலுக்கும் கைவிரலுக்கும் அது வந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் முன்னால் இழுக்கிற பலசாலி ஜிப்பைத் திறந்துவிட்டு வியர்த்துக்கொண்டிருக்க, கடைசியில் பெடலைச் சும்மா சுற்றிக்கொண்டு வருகிற புது ஆள் பல் கிட்டிக்கொண்டு வருவார். "கஷ்டப்படாம பின்னாடியே வாங்க" என்று நாம் சொல்கிற உபசாரம் அவரை உறைய வைக்கிற வழி. இரண்டிரண்டு நிமிடமாவது அவரையும் முன்னால் விட வேண்டும், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

காட்டுப்பாதையில் இந்தத் தொந்தரவு இல்லை. அங்கே யாரும் யார் முதுகிலும் ஒண்ட முடியாது. மெதுவாகப் போனாலும் அவரவர் உழைப்பு அவரவருடையது, வேர், கல், திருப்பம் என்று கை, தோள், இடுப்பு எல்லாம் வேலை செய்கின்றன. கால் மணி நேரத்தில் உடம்பு சூடாகிவிடும். அங்கே எதிரி வியர்வை. தண்ணீர் காற்றைப்போல சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி பனியனோடு நின்றால் உடம்புச் சூடு எங்கே போனதென்றே தெரியாது. ஏற்றம் தொடங்கும் முன்பே ஜிப்பைத் திறக்க வேண்டும், உச்சியில் மூட வேண்டும். வியர்த்த பிறகு திறப்பது மழை நின்ற பிறகு குடை பிடிப்பது மாதிரி.

சரி, நிற்கிற விஷயத்துக்கு வருவோம்.

தார்ச்சாலைக் கூட்டம் அடிக்கடி நிற்காது. ஆனால் நின்றால் மோசமான இடத்தில் நிற்கும். ஈரக் காலத்தில் பஞ்சர் அதிகம்; மழைநீர் கண்ணாடிச் சில்லையும் கூர்க்கற்களையும் சாலை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு வருகிறது, நனைந்த ரப்பரில் அவை சுலபமாக இறங்குகின்றன. ஒருமுறை வெட்டவெளியில், இருபுறமும் வயல், ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாத இடத்தில் ஒருவருக்குப் பின்டயர் இறங்கியது. முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் கேலி பேசினோம். அவர் தடித்த கிளவுஸைக் கழற்றினார், ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டு வால்வு மூடியைப் பிடிக்க முடியவில்லை. ஐஸை உருக்கச் சாலையில் போடுகிற உப்பு கலந்த தண்ணீர் ரிம்மில் ஒழுகிக்கொண்டிருந்தது. டயர் ஓரம் கல்லாய் இறுகியிருந்தது. டயரை நெம்பிக் கழற்றுகிற பிளாஸ்டிக் லீவர் 'டிக்' என்று உடைந்தது. இரண்டாவது லீவரோடு இன்னொருவர் குனிந்தார். டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளைத் தேடினால் விரலுக்கு உணர்ச்சியே இல்லை. முள் குத்தியது தெரியவில்லை, ரத்தம் வந்துதான் தெரிந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் சும்மா நின்ற ஆறு பேருக்கும் அன்றைய சவாரி முடிந்துவிட்டது. அடுத்த 20 கிலோமீட்டர் யாரும் யாரோடும் பேசவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பஞ்சரானால் கை கொடுக்க ஒருவர் மட்டும் நிற்பார். மற்றவர்கள் பக்கத்து ஏற்றத்தில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பார்க்க இரக்கமில்லாதது போலத் தோன்றும். ஆனால் சுற்றி நின்று ஆலோசனை சொல்கிற ஆறு பேரால் எந்த ட்யூபும் சீக்கிரம் மாறியதில்லை.

காட்டுப்பாதையில் நேர்மாறு. ட்யூப் இல்லாத டயரும் உள்ளே அடைப்புத் திரவமும் இருந்தால் சின்ன முள்ளெல்லாம் தானாக மூடிக்கொள்ளும், பஞ்சருக்காக நிற்பது அரிது. ஆனால் வேறு காரணங்களுக்காக ஓயாமல் நிற்போம். ஒவ்வொரு பிரிவிலும் பின்னால் வருகிறவருக்காக நிற்க வேண்டும். விழுந்த மரத்தைத் தாண்ட நிற்க வேண்டும். செங்குத்தான துண்டை ஒருவர் இரண்டாம் முறை முயன்று பார்க்க ஆசைப்படுவார், அதற்கும் நிற்போம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்தான். முன்னால் போகிறவருக்கு இது நீண்ட ஓய்வு, கடைசியில் வருகிறவருக்கோ ஓய்வே இல்லை, அவர் மூச்சு வாங்க வந்து சேரும்போது முன்னால் நின்றவர்கள் குளிர்ந்துபோய், "போலாமா?" என்று கிளம்பத் தயாராக இருப்பார்கள். கூட்டம் மனத்தாங்கலோடு கலைவது பெரும்பாலும் இந்தப் "போலாமா"வில்தான்.

இதற்கு மருந்து எளிது. உச்சியில் நிற்கக் கூடாது. காட்சி அழகாக இருக்கும், எல்லோருக்கும் அங்கேதான் நிற்கத் தோன்றும், காற்றும் அங்கேதான் அடிக்கும். உச்சியைத் தாண்டி நூறு மீட்டர் இறங்கி மரமறைவில் நிற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவர் சும்மா நிற்காமல் வந்த வழியே திரும்பிப் போய்க் கடைசி ஆளோடு சேர்ந்து வரலாம். அவருக்கும் சூடு ஆறாது, கடைசி ஆளுக்கும் தனியாக விடப்பட்ட எண்ணம் வராது. இப்படிச் செய்தும் காட்டுப்பாதைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்க நான் விரும்புவதில்லை. சாலையில் எட்டு பத்துப் பேர் வரை சமாளிக்கலாம்.

விழுவதைப் பற்றிப் பேசாமல் குளிர்காலத்தைப் பேச முடியாது. சாலையில் பயம் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ஈரத்தார் போலவே கருப்பாக, கண்ணாடிபோல் மெல்லிய படலம். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுவதால், வெப்பமானி 2, 3 டிகிரி காட்டினாலும் சாலையின் மேற்பரப்பு 0-க்குக் கீழே இருக்கலாம். மேலும் கீழும் காற்றுப் படுகிற பாலம், பக்கத்துச் சாலையைவிட முன்னதாக உறையும். வெயில் படாத வளைவு, வயல்நீர் கசிந்து குறுக்கே ஓடுகிற இடம் இதெல்லாமும் அப்படியே. உப்புப் போட்டிருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் அவ்வளவாக வேலை செய்யாது.

நான் விழுந்த பாலத்தில் நடந்தது இதுதான்: முன்னால் இருந்தவர் ஐஸைப் பார்த்தார், கத்தவும் செய்தார். வாயை மூடிக் கட்டிய துணிக்குள்ளேயே அந்தக் கத்தல் அமுங்கிவிட்டது. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறோம். முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் நடுவே அரை மீட்டர்கூட இல்லை. ஒருவர் பிரேக்கைத் தொட்டார், மூன்று பேர் படுத்தோம். கோடையில் அழகாக இருக்கிற அந்த நெருக்கமான வரிசை, ஐஸ் இருக்கும் நாளில் ஒருவர் தவறை மூவருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற ஏற்பாடு. இப்போது 0 டிகிரியை ஒட்டிய நாட்களில் ஒரு சைக்கிள் நீளத்துக்கும் கூடுதலாக இடைவெளி விடுகிறோம். அப்படி விட்டால் காற்று மறைவு குறைகிறது. அப்புறம் எதற்காகச் சாலையில் கூட்டமாகப் போவது என்று யாராவது கேட்டால், கேட்பதில் நியாயம் இருக்கிறது.

காட்டில் விழுவது வேறு ரகம். ஒவ்வொருவரும் தனித்தனியாக, மெதுவாக, பெரும்பாலும் இலைச்சருகின் மேல் விழுவோம். கீழே விழாத நாளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் நூறு தடவை விழுவதில் ஒன்று எலும்பு முறிவாக அமைந்தால் நிலைமை தலைகீழ். சாலையில் யாரையாவது காரோடு வரச் சொல்லலாம். காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கால் பிசகியவர், வியர்வை நனைந்த உடையோடு ஈரத் தரையில் ஒரு மணி நேரம் கிடக்க வேண்டியிருக்கலாம். காயத்தைவிட அந்தக் குளிர் பெரிய ஆபத்து. கைக்குட்டை அளவுக்கு மடிகிற வெள்ளித்தாள் போர்வை ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும், கூட்டத்துக்கு ஒன்று போதாது. தரையின் ஈரம் உடம்பில் ஏறாமல் கீழே ஒன்று, மேலே மூட ஒன்று வேண்டும். செல்போனை முதுகுப்பையின் வெளிப்புறத்தில் வைக்காமல் உடம்பை ஒட்டி உள்பையில் வைக்க வேண்டும்; குளிரில் அதன் பேட்டரி வேண்டும் நேரத்தில் கண்ணை மூடிவிடும்.

ஸ்டட் டயர் என்று ஒன்று உண்டு, ரப்பருக்குள் டங்ஸ்டன் கார்பைடு குச்சிகள் பதித்தது. ஐஸ் விஷயத்தில் அதற்கு ஈடு கிடையாது. கனமும் இரைச்சலும் அதிகம், வெறும் தாரில் பெடல் கனக்கும். புது டயரைப் போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் அவசரப்படாமல் ஓட்டிக் குச்சிகளை இடத்தில் அமரவிட வேண்டும். கூட்டத்தில் வருகிற சிக்கல் வேறு: நாலு பேரிடம் ஸ்டட், நாலு பேரிடம் சாதா டயர் என்றால் முன்னால் ஸ்டட் ஆளை விடாதீர்கள். அவர் நம்பிக்கையோடு திரும்புகிற வளைவில் பின்னால் வருகிறவர் அதே நம்பிக்கையோடு திரும்பிவிடுவார்.

காட்டுப்பாதைக் கட்சி மறைக்கிற ஒரு விஷயம் சேறு. நான் கோபத்தோடு காட்டுக்குப் போன அந்தக் குளிர்காலத்தில் எனக்கும் இது தெரியாது. இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்களில் பாதைக்கு இரண்டு முகம். விடியற்காலையில் மண் கல்லாக இருக்கும். டயர் தடம்கூட விழாது. சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும், சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். வருடத்திலேயே நல்ல பாதை அதுதான் என்பேன். பத்து மணிக்கு வெயில் ஏறினால் மேலே இரண்டு விரல் அளவு மண் இளகும். கீழே இன்னும் உறைந்தே இருப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. உறைந்த பலகையின் மேல் மாவு பூசியது போல ஆகிவிடும். பார்த்தால் சாதாரண ஈரம், முன்சக்கரம் வைத்தால் பக்கவாட்டில் ஓடும். அதில் ஏழு பேர் போனால் ஏழு கோடு. இரவு அது மறுபடி உறையும்போது அந்தக் கோடுகள் தண்டவாளமாகிவிடும். அடுத்த நாள் வருகிறவரின் சக்கரம் அதில் சிக்கினால் ஹேண்டில் எந்தப் பக்கமும் திரும்பாது.

அதனால் பாதை நம்மை அனுமதிக்கிறதா என்று பார்ப்பதும் முடிவின் ஒரு பகுதி. தடம் ஓர் அங்குலத்துக்கு மேல் பதிந்தால், டயரில் மண் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றினால் திரும்பிவிட வேண்டும். குட்டையைச் சுற்றிப் போகாமல் நடுவே போக வேண்டும். சுற்றிப் போகப் போக ஒற்றையடிப் பாதை மாட்டு வண்டிப் பாதை ஆகிவிடும். தனி ஆள் போட்ட தடத்தைப் பாதை மன்னித்துவிடும், கூட்டத்தின் தடத்தை மன்னிக்காது. மழை பெய்து 0 டிகிரிக்கு மேலேயே நிற்கிற வாரத்தில் காட்டுக்குக் கூட்டமாகப் போவது எனக்கு ஒப்பவில்லை. எத்தனை பேர் கேட்டாலும் அந்த வாரம் என் ஓட்டு தாருக்குத்தான்.

வெண்பனி விழுந்து படிந்தால் ஆட்டமே வேறு. 2005-இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு பரவிய பருத்த டயர் சைக்கிள்கள் இதற்கென்றே பிறந்தவை. ஏறக்குறைய நாலு அங்குலம், அதற்கு மேலும் அகலம், டயர்க் காற்றழுத்தத்தை அளக்கிற பிஎஸ்ஐ கணக்கில் 10-க்கும் குறைவான காற்று. கூட்டத்தில் இங்கே ஓர் அழகு உண்டு: முன்னால் போகிறவர் பனியை அமுக்கிப் பாதை போட்டுக்கொடுப்பார், பின்னால் வருகிறவர்களுக்கு அது எளிதாகும். சாலையில் காற்றுக்கு முறை வைத்து முன்னால் போவது போல இங்கே பனிக்கு முறை வைக்கலாம். பருத்த டயரையும் சாதா டயரையும் மட்டும் ஒரே சவாரியில் கலக்க வேண்டாம். ஒருவர் மிதந்து போக இன்னொருவர் தள்ளிக்கொண்டு நடப்பார்.

ஆள் விஷயம் சொன்னேனே. தார்ச்சாலை தெம்பில் உள்ள வித்தியாசத்தை மறைக்கும். காட்டுப்பாதை அதை மறைக்காது, போதாக்குறைக்குக் கைப்பழக்கத்தில் உள்ள வித்தியாசத்தையும் வெளியே போட்டுவிடும். நன்றாக மிதிப்பவர், ஆனால் வேரைப் பார்த்தால் இறங்கி நடப்பவர் என்றால் அவரைக் குளிர்காலக் காட்டுக்குள் முதல்முறை அழைத்துப் போவது இருவருக்கும் தண்டனை. மூச்சு வாங்குகிறவர், ஆனால் வண்டியை நன்றாகக் கையாள்பவர் என்றால் காடுதான் அவருக்கு. அங்கே மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பேசிக்கொண்டே ஓட்ட வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்த ரகம்தான். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் முதுகோடுதான் பேச வேண்டும். சாலையிலும் இரட்டை வரிசையில் போக இடமும் சட்டமும் எல்லா இடத்திலும் ஒத்துவருவதில்லை.

வெளிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலையில் பிறர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும், காட்டில் நம் கண்ணுக்குப் பாதை தெரிய வேண்டும். கூட்டமாகச் சாலையில் போகும்போது பின்லைட்டை மின்னவிடாதீர்கள். பின்னால் ஒரு மணி நேரம் அதையே பார்த்து வருகிறவரை நினைத்து, மங்கலாக, நிலையாக எரியவிடுங்கள், கடைசி ஆளுடையது மட்டும் பளிச்சென்று இருக்கட்டும். காட்டில் ஹெல்மெட் லைட் அருமையானது, அதைப் போட்டுக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசாதவரை. குளிரில் லித்தியம் பேட்டரி சொன்ன நேரம் தாங்காது. பகலிலும் ஓர் ஆபத்து உண்டு: குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே நிற்கும். உங்கள் நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கமிருந்து வருகிற ஓட்டுநருக்குக் கண் கூசும், அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். நிழல் நீளமாக முன்னால் விழுந்தால் எதிரே வருகிற வண்டியைப் பாருங்கள். பின்னால் விழுந்தால் பின்னால் வருவதைக் கவனியுங்கள்.

வண்டிக்கு எது கேடு என்றால், எனக்குச் சாலைதான். சேறு அசிங்கமாகத் தெரியும், ஆனால் கழுவினால் போய்விடும். உப்புத்தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் செயினையும் கேபிளையும் தின்னும். ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் செயின் செங்கல் நிறமாகிவிடும். சாலையில் மட்கார்டு கட்டாயம் என்பேன். பின்மட்கார்டின் நுனியில் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்குகிற ரப்பர்த் துண்டு இன்னும் முக்கியம், அது உங்களுக்காக இல்லை, பின்னால் வாயைத் திறந்துகொண்டு வருகிறவருக்காக. மட்கார்டு இல்லாதவர் கடைசியில் வரட்டும். காற்றழுத்தம் இரண்டுக்கும் பொது: வீட்டுக்குள் 20 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியே 0 டிகிரிக்குப் போனதும் ஆறு பிஎஸ்ஐ போலக் குறைந்துவிடும். சாலை டயருக்கு அது நல்லதுதான், பிடிப்புக் கூடும். 20 பிஎஸ்ஐ அடித்த காட்டு டயருக்கோ இரண்டரை போலக் குறைவதே பெரிது; ரிம் கல்லில் இடிக்கும்.

இரண்டும் வேண்டாம், நடுவில் ஒன்று சொல் என்றால் சொல்வேன்: வாகனம் வராத, சரளை போட்ட அகலமான மண்சாலை. இந்த யோசனை புதிதல்ல. ஐரோப்பாவின் சாலைப் பந்தய வீரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே குளிர்காலத்தில் வயலிலும் சேற்றிலும் ஓட்டிப் பழகினார்கள். அதிலிருந்துதான் சைக்ளோகிராஸ் வந்தது, 1902-இலேயே பிரான்சில் தேசியப் போட்டி நடந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய விளையாட்டு. ஓடும்போது கால் சூடாகிவிடும் என்பதை அவர்கள் எந்த வாய்பாடும் இல்லாமல் கண்டுபிடித்திருப்பார்கள். கால்விரல் மரத்துவிட்டால் நாங்களும் ஓர் ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம். இரண்டு நிமிடத்தில் ரத்தம் திரும்பும். திரும்பும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும், அது வேறு விஷயம்.

சரளைச் சாலையில் வேகம் 20 கிலோமீட்டர் பக்கம்தான், எனவே காற்று அறைவதில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகலாம். அடித்தளம் போட்டிருப்பதால் தண்ணீர் வடியும், ஏழு பேர் போனாலும் பாதை கெடாது. ஒருவர் விழுந்தால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளலாம். சலிப்பாக இருக்கும் என்று இரண்டு கட்சியும் சேர்ந்தே சொல்லும். எனக்கும் மூன்றாவது வாரம் சலிக்கத்தான் செய்கிறது. பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் மேலே ஐஸ் மூடியிருக்கும். சில உடையும், சில உடையாது, எது எதுவென்று சக்கரம் வைத்தால்தான் தெரியும். ஆனாலும் கூட்டத்தில் யார் எப்படி என்று தெரியாத முதல் சவாரிக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சனிக்கிழமை இரவு நான் பார்ப்பது இப்படித்தான். இரவு தெளிவாக இருந்து நன்றாக உறைகிறதா? அப்படியென்றால் சாலை வேண்டாம், பாலங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. விடியலில் காடு, மண் இளகும் முன் வெளியே. மழை பெய்து மேகமூட்டமாக 5, 6 டிகிரியில் நிற்கிறதா? காடு வேண்டாம், மட்கார்டு போட்டுக்கொண்டு சாலை, நீண்ட இறக்கங்கள் இல்லாத வழி, வீட்டிலிருந்து ரொம்ப தூரம் போகாத வட்டமாக இருந்தால் இன்னும் நல்லது, குளிர்ந்தவர் பாதியில் பிரிந்து போகலாம். பலத்த காற்றா? காற்றை எதிர்த்துக் கிளம்பி, பின்காற்றோடு திரும்ப வேண்டும். வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்புவதைப்போலக் கொடுமை இல்லை. ஆள் கலவையாக இருந்தால், இதெல்லாம் எப்படி இருந்தாலும், சரளை.

இன்று இரவு மைனஸ் 4 என்கிறார்கள், மேகமில்லை, காற்றும் இல்லை. நாளை மதியம் 3 டிகிரி வரை ஏறும். ஏழு பேர் கை தூக்கியிருக்கிறார்கள், ஐந்தாறு என்ற என் கணக்குக்கு ஒன்று கூடுதல். அதில் இருவர் புதியவர்கள், இருவருமே வேறு இடத்தில் காட்டுப்பாதையில் ஓட்டிப் பழகியவர்களாம். ஏழு மணிக்குக் காட்டு முனையில் சேர்வது, ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடுவது, உச்சியில் நிற்பதில்லை, ஆளுக்கொரு வெள்ளித்தாள் போர்வை என்று எழுதிப் போட்டுவிட்டேன். "எதுவானாலும் சரி" ஆளும் வழக்கம்போலக் கட்டை விரலைத் தூக்கியிருக்கிறார். பம்பையும் லீவரையும் மட்டும் அவர் பொறுப்பில் விடவில்லை.